உள்ளே இருந்ததா, வெளியிலிருந்து வந்ததா? உயிரின் தோற்றம் பற்றிய ஒரு நீண்ட வழக்கு

2013 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஓரிரவு, நான் அப்போது பணிபுரிந்த பத்திரிகையின் செய்தி மேசைக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய டிசம்பர் 29 ஆம் திகதி பொலன்னறுவைப் பகுதி வானில் ஒரு தீப்பந்து தென்பட்டது. அரலகங்வில பிரதேசத்தில் பொறுக்கியெடுக்கப்பட்ட கற்கள் அதிலிருந்து விழுந்தவை என்று சொல்லப்பட்டது. அக் கற்களுக்குள் நுண்ணிய அல்காக்களின் உயிர்ச்சுவடுகள் இருப்பதாகப் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவருடைய குழுவினரும் அறிவித்திருந்தார்கள். பூமிக்கு வெளியே உயிர் உண்டு என்பதற்குச் சான்று நம் நாட்டு மண்ணில், நம் நாட்டவர் ஒருவரின் கையால் கிடைத்துவிட்டது என்பதே செய்தியின் சாரம்.

செய்தியை எழுதிய இளைஞர் தலைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். அதை நீக்கியவன் நான். தலைப்பு இரண்டு பத்திக்குள் அடங்கவேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். கேள்விக்குறி இல்லாவிட்டால் தலைப்பு எடுப்பாக இருக்கும் என்பதே உண்மையான காரணம்.

மறுநாட் காலையில் சாதாரண தரம் வரை எனக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பவர். “தம்பி, அந்தக் கல்லுக்குள்ள தயற்றம் இருந்ததெண்டு போட்டிருக்கிறீர். அது கல்லோட வந்ததோ, கல்லு கிடந்த இடத்தில ஏறினதோ? அதை ஆரும் கேக்கேல்லையோ?” என்றார். “பெரிய பேராசிரியர் சொன்னது, சேர்” என்றேன். “சொன்னவர் ஆரெண்டு நான் கேக்கேல்லைத் தம்பி” என்று சொல்லிவிட்டு, சுகநலம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று எனக்குச் சற்றுச் சினமாகவும் இருந்தது. கலைப்பட்டதாரியாகிய நான் அதன்பின் இவ்விடயம் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஒன்று புலப்பட்டது. உயிர் எவ்வாறு தோன்றிற்று என்ற விவாதத்தின் ஏறத்தாழ 350 ஆண்டு வரலாறு முழுவதும் என் ஆசிரியர் கேட்ட அந்த ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. உள்ளே இருந்ததா, வெளியிலிருந்து வந்ததா?

சிறுவயதில் சைவ வினாவிடை படித்தவர்களுக்கு நால்வகைத் தோற்றம் நினைவிருக்கும். முட்டையில் தோன்றுவன அண்டசம்; வித்து, வேர் முதலியவற்றில் தோன்றுவன உற்பிச்சம்; கருப்பையில் தோன்றுவன சராயுசம்; வியர்வையில் தோன்றுவன சுவேதசம். பேனும் கிருமியும் இந்த நான்காவது வகையைச் சேர்ந்தவை. நம் முன்னோர் மட்டும் இவ்வாறு எண்ணியவர்கள் அல்லர். கிரேக்கத்தில் அரிஸ்டோட்டில் சில சிற்றுயிர்கள் சேற்றிலிருந்தும் அழுகும் பொருள்களிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் வன் ஹெல்மொன்ட் என்ற பிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவர், கோதுமையையும் அழுக்குச் சட்டையையும் ஒரு பாத்திரத்தில் இட்டுவைத்தால் 21 நாளில் எலிகள் உண்டாகும் என்று செய்முறையே கூறியிருக்கிறார். அவரும் மூடர் அல்லர். தாவரம் எதனால் வளர்கிறது என்பதை அளந்து பார்க்க முற்பட்ட முதல்வர்களுள் ஒருவர். எலி கோதுமையிலிருந்து வந்ததா, கோதுமையைத் தேடி வந்ததா என்று கேட்கமட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அதைக் கேட்டவர் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அரச வைத்தியராக இருந்த பிரான்செஸ்கோ ரெடி. 1668 இல் அவர் வெளியிட்ட நூலில் விவரித்த பரிசோதனை மிக எளிமையானது. சில சாடிகளில் இறைச்சித் துண்டுகளை இட்டுத் திறந்துவைத்தார், சிலவற்றை மூடிவைத்தார். திறந்த சாடிகளில் மட்டும் புழுக்கள் நெளிந்தன. காற்று இல்லாமையால் புழுக்கள் தோன்றவில்லை என்று யாரேனும் சொல்லக்கூடும் என்பதற்காக, வேறு சில சாடிகளை மெல்லிய வலைத்துணியால் மூடினார். காற்றுப் புகுந்தது, ஈக்கள் புக இயலவில்லை, இறைச்சியில் புழு இல்லை. புழு இறைச்சியின் பிள்ளை அன்று, ஈயின் பிள்ளை என்பது உறுதியாயிற்று. ஆயினும் இதே ரெடி, மரங்களின் இலைகளிலும் கிளைகளிலும் காணப்படும் கரணைகளுக்குள் இருக்கும் பூச்சிகளை மரமே பிறப்பிக்கிறது என்று நம்பினார். ஓரிடத்தில் சரியான கேள்வியைக் கேட்டவர் இன்னோரிடத்தில் அதையே கேட்க மறந்துவிடுவது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காணலாம்.

ரெடியோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில ஆண்டுகளுக்குள் ஒல்லாந்தரான லேவன்ஹூக் தம் நுணுக்குக்காட்டியால் ஒரு துளி நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்டார். புழுவுக்குத் தாய் ஈ. இந்த நுண்ணங்கிகளுக்குத் தாய் எது? விவாதம் ஒரு படி கீழிறங்கி மறுபடி தொடங்கிற்று. 1740களில் ஆங்கிலேயரான நீடம் என்பவர் இறைச்சிச் சாற்றைச் சூடாக்கி மூடிவைத்தார். சில நாளில் அதில் நுண்ணங்கிகள் பெருகின. சடப்பொருளிலுள்ள ஓர் உயிர்ப்பாற்றலே இதற்குக் காரணம் என்றார். இத்தாலியரான ஸ்பல்லன்சானி 1765 இல் இதை மறுத்தார். குடுவைகளின் வாயை உருக்கி அடைத்து நெடுநேரம் கொதிக்கவைத்தபோது எதுவும் வளரவில்லை. அவ்வளவு நேரம் கொதிக்கவைத்தால் உயிர்ப்பாற்றலே அழிந்துவிடும், குடுவைக்குள் இருந்த காற்றும் கெட்டுவிடும் என்பது நீடத்தின் பதில். இருவருமே கத்தோலிக்க மதகுருமார் என்பது குறிப்பிடத்தக்கது. இந்த விவாதத்தை மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலான போர் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின் இவ்வழக்கு பிரான்சில் உச்சத்தை அடைந்தது. ரூவான் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பணிப்பாளர் பூஷே 1858 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு ஓர் ஆய்வைச் சமர்ப்பித்தார். கொதிக்கவைத்த வைக்கோற் சாற்றில் நுண்ணங்கிகள் தாமாகத் தோன்றுகின்றன என்பது அவர் முடிபு. இப்பிரச்சினையில் ஒளிபாய்ச்சும் ஆய்வுக்கு அக்கழகம் 2500 பிராங்குப் பரிசொன்றை அறிவித்தது. 1862 இல் அதை வென்றவர் லூயி பாஸ்டர்.

பாஸ்டரின் அன்னக் கழுத்துக் குடுவை பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரிந்ததே. குடுவையின் கழுத்தை நீட்டி வளைத்துவிட்டார். காற்றுத் தடையின்றி உள்ளே போகும்; தூசி வளைவில் தங்கிவிடும். கொதிக்கவைத்த சாறு அதற்குள் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. கழுத்தை முறித்ததும், அல்லது சாற்றை வளைவுவரை சாய்த்துத் தூசியில் படவிட்டதும் கெட்டது. 1860 இல் அவர் மூடிய குடுவைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். தம் சொந்த ஊரான ஆர்புவாவின் அருகே 20 குடுவைகளைத் திறந்து மூடியபோது 8 கெட்டன. யூரா மலையில் 850 மீற்றர் உயரத்தில் 20 இல் 5. அல்ப்ஸ் மலையின் பனியாற்றின்மேல் 20 இல் ஒன்று மட்டுமே. தூசி குறையக் குறைய உயிரும் குறைந்தது. காற்று உயிரைப் பிறப்பிக்கவில்லை, சுமந்துவருகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பூஷே சளைக்கவில்லை. 1863 இல் இரு தோழர்களுடன் பிரனீஸ் மலைக்கு ஏறிச் சென்று தாமும் குடுவைகளைத் திறந்தார். எல்லாமே கெட்டன. பாஸ்டர் பிழையாகத் திறந்திருப்பார்கள் என்றார். 1864 இல் கழகம் அமைத்த விசாரணைக் குழு தமக்கு எதிரான மனப்பாங்கு உடையது என்று கருதிய பூஷே அணியினர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 7 ஆம் திகதி சோர்போன் மண்டபத்தில் பாரிஸ் நகரப் பெருமக்கள் முன்னிலையில் பாஸ்டர் ஆற்றிய உரையோடு தான்தோன்றிப் பிறப்புக் கொள்கை வீழ்ந்தது என்றே இன்றும் எழுதுகிறோம்.

ஆனால் பூஷே பொய் சொல்லவில்லை. பாஸ்டர் பயன்படுத்தியது நொதியச் சாறு. பூஷே பயன்படுத்தியது வைக்கோற் சாறு. வைக்கோலில் வாழும் ஒருவகைப் பற்றீரியா, கொதிநீரிலும் சாகாத வித்திகளை உண்டாக்கும் என்பதை 1876 இல் ஜேர்மனியரான பேர்டினண்ட் கோன் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே தின்டல், விட்டுவிட்டுப் பலமுறை சூடாக்கினால் அவ்வித்திகளையும் அழிக்கலாம் என்று காட்டினார். பூஷேயின் குடுவைகளில் உயிர் தானாகத் தோன்றவில்லை. கொதிநீரையும் தாங்கி உறங்கிக் கிடந்தது, புதுக்காற்றுப் பட்டதும் விழித்தது. பாஸ்டரின் முடிபு சரி. எனினும் எதிராளியின் வைக்கோற் சாற்றைத் தாமே எடுத்துச் சோதித்திருந்தால் இந்த வித்தியை அவரே கண்டிருக்கலாம். அதைக் கண்ட காலத்தில் பூஷே உயிரோடு இல்லை. அவர் 1872 இல் மறைந்துவிட்டார்.

பாஸ்டரின் வெற்றி ஒரு புதிய சிக்கலைப் பெற்றெடுத்தது. உயிரிலிருந்தே உயிர் என்றால் முதல் உயிர் எங்கிருந்து வந்தது? இக் கேள்விக்கு 1871 ஆம் ஆண்டிலேயே இரு விடைகள் கிடைத்தன. டார்வின் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதமொன்றில், அமோனியாவும் பொஸ்பரசு உப்புகளும் ஒளியும் வெப்பமும் சேர்ந்த இளஞ்சூடான சிறு குட்டையொன்றில் முதற் புரதம் உருவாகியிருக்கலாமோ என்று கற்பனை செய்து பார்த்தார். அதே ஆண்டில் எடின்பரோவில் பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் தலைமையுரையை ஆற்றிய கெல்வின், வேறோர் உலகிலிருந்து விண்கல்லொன்று உயிரின் வித்தைக் கொண்டுவந்திருக்கலாம் என்றார். உள்ளே, வெளியே என்ற பழைய வழக்கு இப்போது குடுவையை விட்டுப் பூமி முழுவதற்கும் விரிந்துவிட்டது.

முதல் வழியில் இரசாயனவியலாளர் நடந்தனர். 1924 இல் மாஸ்கோவில் ஒபாரின், 1929 இல் இங்கிலாந்தில் ஹோல்டேன் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரே முடிபை எட்டினர். ஆதிப் பூமியின் வளிமண்டலத்தில் தனி ஒட்சிசன் இல்லை. அந்நிலையில் சூரியனின் புறஊதாக் கதிரும் மின்னலும் எளிய வாயுக்களிலிருந்து சேதனச் சேர்வைகளை ஆக்க, அவை கடலில் நெடுங்காலம் திரண்டு உயிருக்கு வழிவகுத்தன என்றனர். இந்த ஹோல்டேன் பின்னர் 1957 இல் இந்தியாவில் குடியேறி, 1964 இல் புவனேசுவரத்தில் காலமானவர். 1953 இல் சிக்காகோவில் பேராசிரியர் யூரேயின் மாணவராகிய ஸ்ரான்லி மில்லர் இதைச் சோதித்தார். மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலன்களில் அடைத்து ஒருவாரகாலம் மின்பொறி பாய்ச்சினார். புரதங்களின் செங்கற்களாகிய அமினோ அமிலங்கள் சில அதில் உருவாயின. ஆதி வளிமண்டலத்தில் நைதரசனும் காபனீரொட்சைட்டுமே மிகுந்திருக்கலாம், அதில் இவ்வளவு எளிதாக அவை உருவாகா என்ற மறுப்புப் பின்னாளில் எழுந்தது. ஆயினும் உயிரற்ற இரசாயனம் உயிரின் உறுப்புகளை ஆக்கவல்லது என்பது அன்று கண்முன்னே தெரிந்துவிட்டது.

இரண்டாவது வழியில் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் நடந்தார். விண்கல்கூட வேண்டாம், ஒளியின் அழுத்தமே உயிர்வித்திகளை உலகுவிட்டு உலகு தள்ளிச் செல்லும் என்று 1903 இல் எழுதினார். இவ்வழியில் வருபவர்களிடம் கேட்கவேண்டிய வினா ஒன்று எப்போதும் உண்டு. அங்கிருந்து இங்கே வந்தது சரி, அங்கே எப்படித் தோன்றிற்று?

இக்கட்டத்தில் ஒரு வேடிக்கையான கதையைச் சொல்லவேண்டும். பாஸ்டர் சோர்போனில் உரையாற்றி ஆறு வாரங்கூட ஆகியிராத 1864 மே 14 ஆம் திகதி, தென்பிரான்சில் ஓர்கேய் என்ற கிராமத்தருகே காபன் மிகுந்த விண்கல்லொன்று விழுந்தது. அதன் துண்டொன்று மொன்தபான் அருங்காட்சியகத்தில் கண்ணாடிச் சாடியில் அடைபட்டு நூறு ஆண்டு கிடந்தது. 1960களில் அதைத் திறந்து பார்த்தபோது கல்லுக்குள் தாவர வித்துகள் இருந்தன. நுணுகி ஆராய்ந்ததில் அவை பிரான்சில் வளரும் ஒருவகைக் கோரைப்புல்லின் வித்துகள் என்பதும், நிலக்கரித் தூளோடு சேர்த்துப் பசையால் ஒட்டப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தன. கல் விழுந்த காலத்திலேயே எவரோ ஒரு குறும்பர், அன்றைய விவாதத்தை மனத்திற்கொண்டு அறிஞர்களை மடக்க இவ்வேலையைச் செய்திருக்கவேண்டும். பொறி வைத்தவர் இறந்து எவ்வளவோ காலத்தின் பின்பே பொறி திறக்கப்பட்டது. அதே ஓர்கேய்க் கல்லில் உயிர்ச்சுவடு கண்டோம் என்று 1961 இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட அறிவிப்பும் நிலைக்கவில்லை. அவர்கள் கண்டவற்றுட் சில நம் பூமியின் மகரந்தத் தூள்கள்.

இனி நம் நாட்டுக்கு வரலாம். இந்த உலகப் பெருவழக்கின் இரு தரப்பிலும் முன்வரிசையில் நின்றவர்களுள் இருவர் இலங்கையர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

முதலாமவர் சிறில் பொன்னம்பெரும. 1923 இல் காலியில் பிறந்தவர். முதலில் அவர் பெற்ற பட்டம் விஞ்ஞானப் பட்டம் அன்று. 1948 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் பெற்ற கலைப்பட்டம். பின்னர் லண்டன் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனம் பயின்றார். உயிரின் தோற்றம் பற்றிச் சிந்தித்த ஜே.டி. பேர்ணல் அங்கே பேராசிரியர். அதன்பின் கலிபோர்னியாவின் பேர்க்லியில் நோபல் பரிசாளர் மெல்வின் கல்வினிடம் ஆய்வுசெய்து 1962 இல் கலாநிதிப் பட்டம் பெற்று நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். கலங்களின் சக்தி நாணயமாகிய ஏ.ரீ.பீ. என்ற சேர்வையை ஆதிப்பூமியில் இருந்திருக்கக்கூடிய சூழ்நிலையில் ஆக்கிக்காட்டிய ஆய்வை 1963 இல் கார்ல் சேகன் முதலியோருடன் சேர்ந்து வெளியிட்டார். இரசாயனக் கூர்ப்பு என்ற துறையை வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அவருடைய பெயரை நிலைநிறுத்திய கல், 1969 செப்டெம்பர் 28 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்தது. கித் குவென்வோல்டன், பொன்னம்பெரும முதலியோர் அதில் அமினோ அமிலங்களைக் கண்டு 1970 டிசம்பரில் அறிவித்தனர். விண்கற்களில் அமினோ அமிலம் காண்பது அதற்குமுன் நடந்ததுதான். ஆனால் ஒரு விரல் பட்டாலே போதும், நம் தோலின் அமினோ அமிலம் கல்லில் ஏறிவிடும். இக்குழு அந்தச் சந்தேகத்தை எவ்வாறு தீர்த்தது என்பதே அவர்களின் சிறப்பு. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் தம் புரதங்களில் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. மேர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. பூமியின் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களும் இருந்தன. ஆகவே இவை கைபட்டு ஏறியவை அல்ல, கல்லோடு வந்தவை. என் ஆசிரியரின் கேள்வியை இக்குழு தனக்குத் தானே கேட்டு, விடையையும் தானே கொடுத்திருந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் கல்லில் உயிரைக் கண்டோம் என்று சொல்லவில்லை. இரு வடிவமும் சமமாக இருப்பதே உயிரின்றி உருவானதன் அடையாளம் என்றார்கள். அப்பலோ வீரர்கள் கொணர்ந்த சந்திர மண்ணையும் பொன்னம்பெரும ஆராய்ந்தார். உயிரின் அடையாளம் எதுவும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்றே எழுதினார்.

இரண்டாமவர் சந்திரா விக்கிரமசிங்க. 1939 இல் கொழும்பில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, கேம்பிரிட்ஜில் பிரெட் ஹொயிலின் மாணவரானவர். விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசி பனிக்கட்டித் துணுக்குகளே என்று கருதப்பட்ட காலத்தில், அதில் காபன் இருக்கவேண்டும் என்று 1962 இல் ஆசிரியரும் மாணவரும் எழுதினர். 1970களில் அது சேதனச் சேர்வைகளால் ஆனது என்றார் விக்கிரமசிங்க. அன்று பலர் நகைத்தனர். விண்வெளித் தூசியிலும் முகில்களிலும் காபன் சேர்வைகள் மிகுந்துள்ளன என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. அவருக்குரிய இப்பெருமையை மறுப்பது அநீதி.

ஆனால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. தூசித் துணுக்குகளே உலர்ந்த பற்றீரியாக்கள் என்றார்கள். வால்வெள்ளிகளே உயிரின் தொட்டில் என்றார்கள். 1979 இல் வெளியிட்ட நூலில் இன்புளுவென்சா முதலிய நோய்களும் விண்ணிலிருந்தே பொழிகின்றன என்றார்கள். 2003 இல் சார்ஸ் நோய் பரவியபோது அதுவும் விண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்று விக்கிரமசிங்க மருத்துவ இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். முதலாவது ஊகம் சரியாகிப் பிறர் சிரிப்பு அடங்கியதைக் கண்டவருக்கு, அடுத்த ஊகத்துக்கு எழும் எதிர்ப்பும் அதே வகையானது என்று தோன்றுவது மனித இயல்பு. ஒருமுறை தனித்து நின்று வென்றவர், தனித்து நிற்பதையே சான்றாகக் கொள்ளும் அபாயம் அதில் உண்டு.

இந்த இருவரும் ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்தவர்கள் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அமைக்கப்பட்டபோது அதன் முதற் பணிப்பாளர் விக்கிரமசிங்க. 1984 இல் அவருக்கு அடுத்து வந்தவர் பொன்னம்பெரும. உயிர் விண்ணிலிருந்து வந்தது என்பவரும், உயிருக்குமுன் இரசாயனம் கூர்ப்படைந்தது என்பவரும் கண்டி ஹந்தானையில் இன்று நிலைகொண்டுள்ள அதே நிறுவகத்தை வழிநடத்தினர். நாடு தீப்பற்றி எரியத் தொடங்கிய ஆண்டுகள் அவை. உயிர் எப்படித் தோன்றிற்று என்று ஆராய ஒரு கூடத்தை அமைத்த அதே நாடு, உயிரை எப்படி மதித்தது என்பதை இங்கே விரிக்கவேண்டியதில்லை. பொன்னம்பெரும 1994 டிசம்பரில் காலமானார்.

பொலன்னறுவைக் கல்லுக்கு இப்போது திரும்பலாம். தயற்றங்கள் என்பவை கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுடைய ஒற்றைக்கல அல்காக்கள். குளத்திலும் வாய்க்காலிலும் ஈரமண்ணிலும் எங்கும் உள்ளவை. அந்த ஆய்வு, விண்கல் ஆய்வாளர்கள் வழமையாக நாடும் ஆய்விதழ் எதிலுமன்றி, ஜேர்னல் ஒஃப் கொஸ்மோலொஜி என்ற இணைய இதழில் வெளியாயிற்று. படங்களைப் பார்த்த தயற்ற அறிஞர்கள், அவை இன்றும் பூமியின் நன்னீரில் வாழும் இனங்கள் என்றனர். விண்கல் அறிஞர்கள், இக்கல் விண்கல்தானா என்பதே நிறுவப்படவில்லை என்றனர். கல்லின் ஒட்சிசன் சமதானிகளைக் காட்டி விக்கிரமசிங்க குழுவினர் மறுமொழி கூறினாலும் துறைசார்ந்தோரின் ஐயம் தீரவில்லை. நீர்பாய்ந்த நிலமுள்ள பிரதேசம் ஒன்றில் கிடந்து எடுக்கப்பட்ட துளையுள்ள கல்லில் நன்னீர்த் தயற்றம் இருப்பதற்கு விண்வெளிவரை போகவேண்டுமா? மறுப்புகள் சில வாரங்களுக்குள் வெளிவந்துவிட்டன. எங்கள் பத்திரிகையில் அவை வரவில்லை. அதற்கும் நானே பொறுப்பு. நம் நாட்டுக் கல், நம் நாட்டுப் பேராசிரியர் என்ற பெருமை என் கண்ணை மறைத்தது.

விழுந்த கல்லை எடுத்தால் இந்தச் சந்தேகம் ஓயாது என்பதால், விஞ்ஞானிகள் கல்லைத் தேடி அங்கேயே போனார்கள். யப்பானின் ஹயபுசா 2 விண்கலம் ரியுகு என்ற சிறுகோளிலிருந்து 5.4 கிராம் துணிக்கைகளை 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஒசைரிஸ் ரெக்ஸ், பென்னு என்ற சிறுகோளிலிருந்து 121.6 கிராமை 2023 செப்டெம்பரில் கொண்டுவந்தது. பென்னு பற்றி 2025 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி, பூமியின் உயிர்கள் புரதம் ஆக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் உள்ளன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் மூலங்கள் ஐந்தும் உள்ளன. இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறத்தாழச் சமம். உயிர் இல்லை, உயிருக்கான பொருள் உண்டு. 55 ஆண்டுகளுக்குமுன் மேர்ச்சிசன் கல்லில் பொன்னம்பெரும குழுவினர் கண்டதன் விரிந்த வடிவமே இது. உயிரின் செங்கற்கள் விண்ணிலிருந்து பொழிந்தன என்ற அளவில் விக்கிரமசிங்கவின் பக்கமும் இதில் உண்டு.

அந்தப் பழைய கேள்வி இங்கும் விட்டுவைக்கவில்லை. ரியுகுவின் துணிக்கையொன்றில் நுண்ணங்கி இழைகள் இருப்பதை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டனர். உலகையே உலுக்கும் தலைப்பு அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் அதை எழுதாமல், இழைகளை எண்ணினார்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் முதலில் பெருகி, பின்னர் குறைந்தது. பூமியின் பற்றீரியாக்கள் பெருகும் வேகமும் அதுவே. ஆகவே இவை துணிக்கையைப் பிரித்தெடுத்தபின் இங்கே ஏறியவை என்று 2024 இல் அவர்களே அறிவித்தார்கள்.

எனின், உயிர் எவ்வாறு தோன்றிற்று? பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவில் உள்ள ஏறத்தாழ 348 கோடி ஆண்டுப் பாறைகளில் நுண்ணங்கிகளின் படிவுகள் காணப்படுகின்றன. இடைப்பட்ட காலத்தில் எங்கோ அது நிகழ்ந்திருக்கிறது. ஆர்.என்.ஏ. முதலில் தோன்றியது என்போர், அது செய்தியையும் சுமந்து தாக்கங்களையும் ஊக்கவல்லது என்று 1980களில் தோமஸ் செக்கும் சிட்னி ஓல்ற்மனும் கண்டதைக் காட்டுகின்றனர். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளே தொட்டில் என்போர், 1977 இல் பசிபிக் அடித்தளத்தில் சூரிய ஒளியின்றி வாழும் உயிர்க்கூட்டங்கள் காணப்பட்டதைக் காட்டுகின்றனர். நிலத்தில் காய்ந்தும் நனைந்தும் வந்த குட்டைகளே என்போர் டார்வினின் கற்பனையை ஆய்வுகூடத்தில் தொடர்கின்றனர். இவர்களுள் எவரும் சடப்பொருளிலிருந்து ஓர் உயிர்க்கலத்தை இதுவரை ஆக்கிக்காட்டவில்லை. வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

தீர்ப்பு வராத வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டதாகத் தலைப்பிடுவது எங்கள் தொழிலில் சிறு பிழை அன்று. யுத்த காலத்திலும் அதற்குப் பின்னும் அவ்வாறான தலைப்புகள் நம் நாட்டில் எவ்வளவு கேடு விளைத்தன என்பதைப் பத்திரிகைக்காரன் அறிவான். வந்த செய்தி எங்கிருந்து வந்தது, இடையில் யார் கை பட்டது என்று கேட்பதற்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. ரெடிக்கு ஒரு முழ வலைத்துணி போதுமாயிருந்தது.

என் ஆசிரியர் இப்போது இல்லை. அவரிடம் நான் அந்தக் கேள்விக்குறி பற்றிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. செய்தியை எழுதிய அந்த இளைஞர் இன்று வேறொரு நாட்டில் வேறொரு தொழிலில் இருக்கிறார். இதை வாசிக்க நேர்ந்தால் அவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: தம்பி, நீர் இட்ட தலைப்புத்தான் சரி.